மல்கோவாவில் புல்லுருவியும் குக்குறுவான் பொந்தும்: எதை வெட்டலாம், எதை விடலாம்?

மல்கோவா வீடு (அஸ்தம்பட்டி, சேலம்) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கொல்லையில் ஒரு பழைய மல்கோவா நிற்கிறது. மாமனார் வைத்த மரம். இந்த வருஷக் காய்ப்பு முடிந்துவிட்டது. இப்போது ஆடிக்காற்று அடிக்கிற அடியில் மேற்குப் பக்கக் கிளை ஒன்று கிறீச் கிறீச் என்று சத்தம் போடுகிறது. நுனியிலிருந்து பாதிவரை காய்ந்துபோன கிளை. அதற்கு நேர் கீழேதான் துவைக்கிற கல்.

வெட்டிவிடலாம் என்றால், காய்ந்த பகுதியின் அடிப்பக்கம் இரண்டு விரல்கடை அகலத்துக்கு வட்டமாக ஒரு பொந்து இருக்கிறது. தை மாதத்திலிருந்து ஒரு ஜோடிக் குக்குறுவான் அதில் போய்வந்துகொண்டிருந்தது. அப்புறம், மரத்தின் மேல்பக்கம் நான்கைந்து இடத்தில் புல்லுருவி பிடித்திருக்கிறது. போன வருஷத்தைவிட இந்த வருஷம் தழைப்பு அதிகம்.

மரம் கழிக்கிறவரைக் கூட்டிவந்து காட்டினேன். "மொத்தமாக மொட்டை அடித்துவிடலாம், இரண்டு வருஷத்தில் குடை மாதிரி வந்துவிடும்" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. மரமும் பிழைக்க வேண்டும், வருகிற பறவைகளும் வர வேண்டும். என்ன செய்யலாம்? அடிமரத்தைச் சுற்றி ஒரு முழம் விட்டு முழுக்க சிமெண்ட் தளம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கவாத்துக்கத்தி (அயோத்தியாப்பட்டணம்) எழுதியது:

அக்கா, மொட்டை மட்டும் அடிக்க விடாதீர்கள். நாங்கள் மூன்று தலைமுறையாக மாந்தோப்பு வைத்திருக்கிறோம். மாமரத்தின் பெரிய கிளைகளை ஒரேயடியாக வெட்டினால் அதுவரை நிழலில் இருந்த பட்டையில் நேர் வெயில் விழும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் பட்டை வெடித்துவிடும், வெடித்த இடத்தில் துளைப்பான் வண்டு முட்டை வைக்கும். வெட்டிய இடத்திலிருந்து கொத்தாகத் துளிர் வரும், பார்க்கப் பச்சையாக இருக்கும். ஆனால் அவை பட்டைக்கு அடியிலிருந்து கிளம்புகிறவை, உள் மரத்தில் வேர்கொண்டவை அல்ல. நான்கைந்து வருஷம் கழித்துக் கனத்தவுடன் காற்றில் பிய்ந்து விழும். இப்போது கிறீச் என்கிற ஒரு கிளைக்குப் பயந்து மொட்டை அடித்தால் அப்போது பத்துக் கிளைக்குப் பயப்பட வேண்டும். பூவும் இரண்டு மூன்று வருஷம் வராது. மல்கோவா ஏற்கெனவே ஒரு வருஷம் காய்த்தால் மறுவருஷம் முரண்டு பிடிக்கிற ஜாதி.

நேரம் மட்டும் சரியாக அமைந்திருக்கிறது. காய் பறித்த கையோடு ஆடி, ஆவணிக்குள் கழித்துவிட வேண்டும். அப்போதுதான் வருகிற துளிர் முற்றி, மார்கழி, தையில் பூ எடுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கத்தி வைத்தால் பூவுக்குப் பதில் இலைதான் வரும். காய்ந்தது, நோய் பிடித்தது, ஒன்றோடொன்று உரசுவது, நடுவில் வெளிச்சத்தை அடைப்பது, இவ்வளவுதான் எடுக்க வேண்டும்.

பெரிய கிளையை மூன்று வெட்டாக எடுக்கச் சொல்லுங்கள். அடிமரத்திலிருந்து ஒரு அடி தள்ளி, முதலில் கீழிருந்து மேலாகக் கால்வாசி அறுக்க வேண்டும். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் கிளை பட்டையைக் கிழிக்காமல் விழும். கடைசியில் மிச்சமுள்ள குட்டையை எடுக்கும்போது அடிமரத்தோடு சேர்த்து வழிக்கக் கூடாது. கிளை தொடங்குகிற இடத்தில் வளையமாகத் தடித்திருக்கும், அந்தத் தடிப்பை மரத்திலேயே விட்டு அதற்கு வெளியே வெட்ட வேண்டும். அந்தத் தடிப்பிலிருந்துதான் காயம் மூடும்.

புல்லுருவியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒன்று விடாமல் எடுத்துவிடுங்கள்.

குக்குறுவான் ரசிகன் (கன்னங்குறிச்சி) எழுதியது:

பொந்தைப் பற்றி நான் சொல்கிறேன் அக்கா. செம்மார்புக் குக்குறுவான் பச்சை மரத்தில் பொந்து குடையாது. அதன் அலகுக்கு உளுத்த கட்டை, காய்ந்த கிளை வேண்டும். பெரும்பாலும் சாய்ந்த கிளையின் அடிப்பக்கம்தான் குடையும், மழைத் தண்ணீர் உள்ளே இறங்காது என்பதால். தையில் டொக் டொக் என்று விடாமல் கூப்பிட ஆரம்பிக்கும், ஆனி வரை குஞ்சு பொரிப்புக் காலம். இப்போது குஞ்சுகள் பறந்திருக்கும். ஆனாலும் வெட்டுகிறதற்கு முன் இரண்டு மூன்று நாள் காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை உட்கார்ந்து பாருங்கள். வாயில் பழத்தோடோ புழுவோடோ எதுவும் உள்ளே நுழையவில்லை என்றால் பயமில்லை. ராத்தங்கலுக்கு மட்டும் சில சமயம் வரும்.

முழுக் கிளையையும் எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. காய்ந்த கிளை ஏன் ஆபத்து? நீளம். நுனியில் பிடிக்கிற காற்று அடியை முறிக்கிறது. நீளத்தைக் குறைத்து, பொந்து உள்ள பகுதியோடு நான்கடிக் கட்டையாக விட்டால் பாரமும் இல்லை, காற்றுப் பிடிக்கவும் ஒன்றுமில்லை. குக்குறுவான் விட்ட பொந்துக்கு அடுத்தாற்போல் குண்டுகரிச்சான் வரலாம், மைனா வந்து அகலப்படுத்தலாம். எங்கள் பக்கம் ஒரு புளியமரப் பொந்தில் புள்ளி ஆந்தை குடியிருக்கிறது. தானாகப் பொந்து குடையத் தெரியாத பறவைகள்தான் அதிகம். அவை எல்லாம் யாரோ குடைந்துவிட்டுப் போனதை நம்பி இருக்கின்றன. நகரத்தில் காய்ந்த கிளையை விட்டுவைக்கிற வீடு எத்தனை இருக்கிறது, சொல்லுங்கள்?

கவாத்துக்கத்தி எழுதியது:

தம்பி சொல்வது சரி, ஒரு நிபந்தனையோடு. உளுப்பு காய்ந்த பகுதியோடு நிற்கிறதா, அடிமரம்வரை இறங்கியிருக்கிறதா என்று முதலில் தட்டிப் பார்க்க வேண்டும். மரச்சுத்தியால் தட்டினால் கிளை அடியில் கணீர் என்று கேட்க வேண்டும், பொத் என்று கேட்டால் உள்ளே உளுத்துவிட்டது. அப்படியென்றால் கட்டையை விடக் கூடாது, மனுஷர் தலை முக்கியம். மரத்தூள் கொட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். துளையிலிருந்து மரத்தூளும் கசிவும் வந்தால் அது தண்டுத் துளைப்பான். கொக்கிக் கம்பியை விட்டு உள்ளிருக்கும் புழுவை இழுத்துப் போட்டுவிட்டு, துளையைக் களிமண்ணால் அடைத்தால் போதும். பொந்தில் பறவை இருக்கிற மரத்தில் மருந்து ஊற்ற வேண்டாம்.

மலைக்காப்பி (நாகலூர், ஏற்காடு) எழுதியது:

புல்லுருவியை ஒன்று விடாமல் எடுக்கச் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை.

அந்தச் செடி அங்கே எப்படி வந்தது என்று பார்த்தீர்களா? கட்டைவிரலைவிடச் சற்றே பெரிய ஒரு குருவி இருக்கிறது, பூக்கொத்தி. சாம்பலும் ஆலிவும் கலந்த நிறம், உச்சிக் கிளையில் சிக் சிக் என்று சொல்லிக்கொண்டே தாவும். புல்லுருவிப் பழம்தான் அதன் முக்கிய உணவு. பழத்துக்குள் இருக்கிற விதை பிசின் பூசியது. எச்சத்தோடு வெளியே வரும்போது பின்பக்கத்திலேயே ஒட்டிக்கொள்ளும், குருவி கிளையில் தேய்த்துத்தான் விடுவிக்க வேண்டும். தேய்த்த இடத்தில் விதை முளைக்கிறது. பூவையும் தேன்சிட்டும் பூக்கொத்தியும்தான் திறந்து மகரந்தம் மாற்றுகின்றன. மஞ்சளும் சிவப்பும் ஓரமிட்ட ஜெசபெல் பட்டாம்பூச்சி தன் முட்டையைப் புல்லுருவி இலையில்தான் வைக்கும். ஒரு தாவரத்தை நம்பி இத்தனை உயிர். பறவை வேண்டும் என்று கேட்கிறவர் வீட்டில் அதை வேரோடு ஒழிக்கச் சொல்வது எப்படிச் சரி?

கவாத்துக்கத்தி எழுதியது:

ஐயா, உங்கள் எஸ்டேட்டில் ஆயிரம் மரம் இருக்கும், நாலு மரத்தில் புல்லுருவி இருந்தால் ஒன்றும் கெடாது. எங்களுக்கு அப்படி இல்லை. புல்லுருவி தன் சமையலைத் தானே செய்துகொள்ளும், அதற்குப் பச்சை இலை இருக்கிறது. ஆனால் தண்ணீரும் உப்பும் மாமரத்திலிருந்துதான் உறிஞ்சும். கோடையில் மாமரம் இலையைச் சுருக்கித் தண்ணீரை மிச்சம் பிடிக்கும்போதுகூட இது திறந்தே வைத்துக்கொண்டு இழுக்கும். பிடித்த இடத்துக்கு அப்பால் உள்ள நுனி காய்வது அதனால்தான். அக்கா வீட்டு மேற்குக் கிளை காய்ந்ததற்கே இதுதான் காரணமாக இருக்கலாம். வறட்சி வருஷத்தில் புல்லுருவி மூடிய கிழட்டு மாமரங்கள் செத்ததைக் கண்ணால் பார்த்தவன் நான்.

வெறுமனே செடியை ஒடித்துப் போட்டாலும் பயனில்லை. இதன் வேர் பட்டையின் மேலேயே ஓடி ஓடி, போகிற வழியில் எல்லாம் கிளைக்குள் இறங்கும். பிடித்த இடத்திலிருந்து ஒரு அடிக்குக் குறையாமல் அடிமரப் பக்கம் தள்ளிக் கிளையோடு வெட்ட வேண்டும். அதுவும் பழம் பழுப்பதற்கு முன்.

மலைக்காப்பி எழுதியது:

வெட்டும் முறையில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை தம்பி. எண்ணிக்கையில்தான். ஒரு கிழ மரத்தில் ஐந்து இருந்தால் அது பாரம், ஒப்புக்கொள்கிறேன். பெரிய கிளையில் இருப்பதையும் அடிமரத்துக்குப் பக்கத்தில் இருப்பதையும் எடுங்கள். ஓரத்தில், பென்சில் கனக் கிளையில், போனாலும் போகட்டும் என்கிற இடத்தில் ஒன்று இருந்தால் அதை விட்டு, வருஷா வருஷம் ஆடியில் அளவு தாண்டாமல் பார்த்துக்கொள்ளலாம். தோப்புக்காரருக்கு இந்த யோசனை ஆகாது. அக்கா கேட்டது வீட்டு மரத்துக்கு.

குக்குறுவான் ரசிகன் எழுதியது:

ஐயா பக்கம் நான். கவாத்துக்கத்தி அண்ணன் சொல்கிற வெட்டு முறையும் வேண்டும்.

தறிவீடு (அம்மாபேட்டை) எழுதியது:

மரம் இல்லாதவர்களும் இந்த இழையைப் படிக்கிறோம். எங்கள் தெருவில் தறி ஓடுகிற ஓட்டு வீடுகளில் சிட்டுக்குருவி நிறைய இருந்தது. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் கூடு கட்டும். வீடுகள் எல்லாம் கான்கிரீட் தளம் ஆன பிறகு தெருமுனை மளிகைக்கடைப் பக்கம் மட்டும் கொஞ்சம் இருக்கிறது. கூட்டுப்பெட்டி வாங்கி மாட்டினேன், வரவில்லை. மாடியில் அரிசி போட்டால் மாடப்புறாதான் வருகிறது.

குக்குறுவான் ரசிகன் எழுதியது:

அக்கா/அண்ணா, பெட்டியின் வாய் எவ்வளவு பெரிது என்று அளந்து பாருங்கள். 32 மில்லிமீட்டர் இருந்தால் சிட்டுக்குருவி நுழையும், மைனா நுழையாது. கடையில் விற்கிற பல பெட்டிகளில் வாய் அகலமாக இருக்கிறது. வாய்க்குக் கீழே குச்சி வைத்திருந்தால் பிடுங்கிவிடுங்கள், அது காக்காய் உட்காரத்தான் உதவும். மேற்கு வெயில் படாத சுவரில், பூனை தாவ முடியாத இடத்தில், எட்டடி உயரத்துக்கு மேல் மாட்டுங்கள். சிட்டுக்குருவி தனியாகக் கூடு கட்ட விரும்பாது, அதனால் இரண்டு மூன்று பெட்டி பக்கத்தில் பக்கத்தில். மளிகைக்கடைப் பக்கம் இருப்பவைதான் உங்களுக்கு வர வேண்டியவை, ஆகவே அந்தப் பக்கச் சுவர் உத்தமம்.

அரிசி நிறுத்திவிடுங்கள். தெருவில் புறா கூட்டத்தை வளர்த்தால் குருவிக்குத்தான் இடம் போகும். கொஞ்சமாகக் கம்பு, தினை, அதுவும் காலையில் ஒரு வேளை, அரை மணி நேரத்தில் தீருகிற அளவு. ஆனால் இதைவிட முக்கியம் ஒன்று: குஞ்சுக்குத் தானியம் செரிக்காது. முதல் பத்து நாளும் தாய்க்குருவி புழுவும் அசுவினியும் கொண்டுவந்துதான் ஊட்டும். ஒரு தொட்டியில் அவரை, ஒரு தொட்டியில் கீரை வைத்து, அதில் அசுவினி வந்தால் மருந்தடிக்காமல் விடுங்கள். குருவிக்கு நீங்கள் போடுகிற தீனி அதுதான்.

மாடித்தொட்டி (ஃபேர்லேண்ட்ஸ்) எழுதியது:

இதையே நானும் சொல்ல வந்தேன். அடுக்குமாடியில் இருக்கிறோம், இரண்டாவது மாடி. பால்கனியில் இட்லிப்பூ, செம்பருத்தி, ஒரு மாதுளை. ஊதாப்பிட்டத் தேன்சிட்டு எங்கள் துணிக்கொடிக் கயிற்றில் தொங்கக்கூடு கட்டி இரண்டு முறை குஞ்சு பொரித்தது. தண்ணீர் வைப்பதில்தான் தகராறு. டெங்கு வரும் என்று பக்கத்து வீட்டில் சண்டைக்கு வருகிறார்கள். அவர்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறதே?

கவாத்துக்கத்தி எழுதியது:

நியாயம் இருக்கிறது. வழியும் இருக்கிறது. அகலமான மண் தட்டு, நடுவில் ஒரு கருங்கல், தண்ணீர் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். தினம் காலையில் கொட்டிவிட்டுத் தேங்காய் நாரால் உட்பக்கச் சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். தேய்ப்பதுதான் விஷயம். டெங்குக் கொசு முட்டையைத் தண்ணீரில் மிதக்க விடாது, தண்ணீர் விளிம்புக்கு மேலே சுவரில் ஒட்டவைக்கும். காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். தினம் தேய்த்தால் ஒன்றும் வராது. பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டு ஒரு நாள் செய்து காட்டுங்கள்.

வெள்ளைக்கல் (கருப்பூர்) எழுதியது:

எங்கள் பக்கம் இட்லிப்பூ வைத்தால் இலை எல்லாம் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. உரம் போட்டும் மாறவில்லை. வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கத்துக்குப் பக்கம் என்பதாலா?

மலைக்காப்பி எழுதியது:

மண்தான். உங்கள் பக்கத்து மண்ணும் ஆழ்குழாய்த் தண்ணீரும் காரத்தன்மை உள்ளவை. மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் அந்தக் காரத்தில் இட்லிப்பூவால் எடுக்க முடியாது. யூரியா போட்டால் மஞ்சள் போகாது. நிறைய மக்கிய சாணி எருவும் இலைமக்கும் போட்டு, மழைத் தண்ணீர் பிடித்து ஊற்றுங்கள். அவசரத்துக்கு இரும்புச் சத்தை இலைமேல் தெளிக்கலாம். ஆனால் மண்ணோடு மல்லுக்கட்டுவதைவிட மண்ணுக்கு ஏற்ற செடிக்குப் போவது நல்லது. வேம்பு, கறிவேப்பிலை, மாதுளை, நொச்சி, ஆடாதோடை எல்லாம் அங்கே வரும். கறிவேப்பிலையைக் கழுத்துவரை ஒடிக்காமல் ஒரு கிளையைப் பூக்க விட்டால் அதன் கறுப்புப் பழத்துக்குக் குயிலும் சின்னானும் வரிசையில் நிற்கும். ஆடாதோடைப் பூவில் தேன்சிட்டு தலையை நுழைப்பதைப் பார்க்கலாம்.

மல்கோவா வீடு எழுதியது:

எல்லோரும் இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு நன்றி. தம்பி சொன்னபடி காலையில் உட்கார்ந்து பார்த்தேன். பொந்தில் நடமாட்டம் இல்லை. கிளை அடியில் தட்டினால் கணீர் என்று கேட்கிறது. நீளத்தைக் குறைத்து நாலடி விட்டுவிடப் போகிறேன்.

வெட்டிய இடத்தில் தார் பூசச் சொல்கிறார் கழிக்கிறவர், அத்தை சாணி பூசச் சொல்கிறார். எது சரி? அப்புறம், வேலியோரம் ஒரு மரம் வைக்க இடம் இருக்கிறது. சீக்கிரம் பறவை வர வேண்டும் என்றால் தேன்பழ மரம் வையுங்கள் என்று நர்சரியில் சொன்னார்கள்.

கவாத்துக்கத்தி எழுதியது:

தார் வேண்டவே வேண்டாம். அது ஈரத்தை உள்ளே அடைத்து உளுப்பை வளர்க்கும். அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ என்பவர் ஏராளமான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்துச் சொன்ன விஷயம் ஒன்று உண்டு: நம் தோல்போல மரம் காயத்தை ஆற்றிக்கொள்வதில்லை, கெட்ட பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு அதன் மேல் புது மரம் வளர்க்கிறது. அந்தச் சுவரை எழுப்ப உதவுவது சரியான இடத்தில் விழுந்த வெட்டுதான், மேலே பூசுகிற பூச்சு அல்ல. 

ஆனால் மழைக்கு முன் மாமரத்தில் பெரிய வெட்டு என்றால் நாங்கள் போர்டோ பசை ஒரு தடவை தடவுவோம், பூஞ்சைக்காக. மயில்துத்தம் 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். இரண்டையும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்துச் சேர்க்க வேண்டும், இரும்பு, பித்தளைப் பாத்திரம் ஆகாது. சேர்த்த பிறகு ஒரு இரும்புக் கத்தியை முக்கிப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே பூசிவிடுங்கள். பொந்துப் பக்கம் போகாமல் வெட்டு வாயில் மட்டும்.

இதைவிட உங்கள் மரத்துக்கு அவசரம் அந்த சிமெண்ட் தளம். ஒரு முழ வட்டத்தில் அந்த அளவு மரம் என்ன குடிக்கும்? உணவு எடுக்கிற மெல்லிய வேர்கள் அடிமரத்துக்குப் பக்கத்தில் இல்லை, கிளை நுனிக்கு நேர் கீழே இருக்கின்றன. முடிந்தவரை, குறைந்தது நாலடி வட்டத்துக்காவது உடைத்து எடுங்கள். கடப்பாரையை மெதுவாகப் போடச் சொல்லுங்கள், வேர் மேலாகவே இருக்கும். அதன்மேல் புது மண் கொட்டி உயர்த்தாதீர்கள். சருகு மட்டும் மூன்று அங்குலம் பரப்பி, அடிமரத்தை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

மலைக்காப்பி எழுதியது:

சருகு என்றதும் எனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. மாவிலையைக் கூட்டி எரிக்காதீர்கள் அக்கா. புரட்டாசி, ஐப்பசியில் வடக்கிலிருந்து ஆறுமணிக்குருவி வரும். பச்சை முதுகு, வயிற்றில் சிவப்பு, குட்டை வால். சருகைப் புரட்டிப் புழு தின்கிற பறவை அது. செந்தலைப் பூங்குருவியும் அப்படியே. சருகு கிடக்கிற நிழலான மூலை இருந்தால் நகரத்து வீட்டுக் கொல்லையில்கூட இறங்கும். பெருக்கித் துடைத்த கொல்லையில் அதற்கு வேலை இல்லை. தவிட்டுக்குருவிக் கூட்டம் வருஷம் முழுக்க வரும், அது போனஸ்.

இங்கே மலையில் இதை நாங்கள் கண்கூடாகப் பார்க்கிறோம். 1820களில் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் காப்பி வந்தபோது காட்டு மரங்களின் நிழலில்தான் வைத்தார்கள். பிறகு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் பரவியது. நேராக வளரும், மிளகு ஏற்றலாம், வெட்டினால் காசு. அதன் மஞ்சள் பூவுக்குத் தேன்சிட்டும் மைனாவும் வரத்தான் செய்யும். ஆனால் தின்னப் பழம் கிடையாது, பொந்துக்கு இடம் கிடையாது. அத்தி, ஆல், பலா, கல்யாண முருங்கை கலந்து நிற்கிற தோட்டத்தில் கேட்கிற சத்தமே வேறு. நிழல் அதிகம் கழித்த தோட்டத்தில் அரபிகா காப்பிக்கு வெள்ளைத் தண்டுத் துளைப்பான் தொல்லையும் கூடும், அந்த வண்டு வெயில் படுகிற தண்டைத் தேடித்தான் முட்டை வைக்கும். பறவைக்கு நல்லது, காப்பிக்கு நல்லது என்று இரண்டு கணக்கு இல்லை.

தேன்பழ மரத்துக்கு வருகிறேன். அது வெளிநாட்டு மரம், தென் அமெரிக்கப் பக்கத்தது. இரண்டு வருஷத்தில் காய்க்கும், பூக்கொத்தி முதல் குயில்வரை எல்லாம் வரும். பொய் இல்லை. ஆனால் கிளை பலமற்றது, காற்றில் ஒடியும். ராத்திரி வௌவால் வந்து சுவர் முழுக்க எச்சம் அடிக்கும். விதை சாக்கடை ஓரமெல்லாம் முளைக்கும்.

குக்குறுவான் ரசிகன் எழுதியது:

இதில் ஐயாவோடு எனக்கு உடன்பாடு இல்லை. நகரத்தில், மூன்று சென்ட் இடத்தில், ஆலமரம் வைக்க முடியுமா? தேன்பழம் வருஷம் முழுக்கப் பழுக்கிறது. மற்ற மரங்களில் ஒன்றும் இல்லாத ஐப்பசி, கார்த்திகையிலும் அதில் பழம் இருக்கும். காட்டோரத்தில் வைக்கக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். அஸ்தம்பட்டி காட்டோரம் அல்ல.

மலைக்காப்பி எழுதியது:

உண்ணிச்செடியையும் அழகுக்கு என்றுதான் ஒரு காலத்தில் கொண்டுவந்து வைத்தார்கள் தம்பி. சின்னான் தின்று தின்று மலை முழுக்க விதைத்துவிட்டது. சேர்வராயன் கோயில் பக்கம்வரை போய்ப் பாருங்கள். தேன்பழம் அந்த அளவுக்குக் கெட்டது என்று சொல்லவில்லை. நம் மரமே இருக்கும்போது எதற்கு என்கிறேன். ஆலமரம்தான் வேண்டும் என்றில்லை. வேலியோரம் கல்யாண முருங்கைப் போத்து (வெட்டிய கிளைத்துண்டு) ஒன்று ஊன்றினால் வேர் பிடிக்கும். மாசி, பங்குனியில் இலை உதிர்த்து சிவப்பாகப் பூக்கும்போது கரிச்சான், மைனா, காக்காய், தேன்சிட்டு எல்லாம் அதில்தான். 2005ஐ ஒட்டி ஒரு குளவிப்பூச்சி வந்து இலைக்காம்பெல்லாம் வீங்கி நிறைய மரம் போனது. ஆகவே வீக்கம் இல்லாத, திடமான மரத்திலிருந்து போத்து எடுங்கள்.

இன்னொன்று சந்தனம். இது நம் மலையின் மரம். பழத்துக்குச் சின்னானும் குயிலும் வரும், காட்டில் சந்தனத்தை விதைத்ததே அவைதான். பட்டா நிலத்தில் வளர்க்கலாம், வெட்டுவதற்குத்தான் வனத்துறை அனுமதி வேண்டும். ஆனால் தனியாக நட்டால் ஏங்கிப்போகும். அதன் வேர் அக்கம்பக்கத்துச் செடியின் வேரைப் பிடித்து உணவு எடுக்கும் ஜாதி.

மல்கோவா வீடு எழுதியது:

புல்லுருவியை எடுக்கப் போகிற கையோடு வேரில் உறிஞ்சுகிற மரத்தை வைக்கச் சொல்கிறீர்களே ஐயா! மல்கோவாவின் வேரைப் பிடிக்காதா?

மலைக்காப்பி எழுதியது:

நல்ல கேள்வி. பிடிக்கும். ஆனால் அந்த அளவு மாமரத்துக்கு அது பொருட்டே இல்லை. புல்லுருவி மரத்தின் நுனியில் உட்கார்ந்து அந்தக் கிளைக்கு வரவேண்டிய தண்ணீரை மறிக்கிறது. சந்தனம் பக்கத்தில் நின்று பல செடியிடம் கொஞ்சம் கொஞ்சம் எடுக்கிறது. ஆனாலும் மல்கோவாவிலிருந்து இருபதடி தள்ளி வையுங்கள், வேலியோரம் என்றால் சரியாக இருக்கும்.

மாடித்தொட்டி எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். மாம்பழக் காலத்தில் அணிலுக்கும் கிளிக்கும் பயந்து சிலர் மரத்தை நைலான் வலையால் போர்த்துகிறார்கள். எங்கள் குடியிருப்புக்கு எதிர்வீட்டு வலையில் போன வைகாசியில் ஒரு மாங்குயில் மாட்டிச் செத்தது. தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

கவாத்துக்கத்தி எழுதியது:

வலைக்குப் பதில் காய்க்குக் காய் காகிதப்பை, இல்லாவிட்டால் துணிப்பை கட்டலாம். எலுமிச்சை அளவைத் தாண்டியதும் கட்டினால் பழ ஈயும் முட்டை வைக்காது, நிறமும் நன்றாக வரும். வீட்டு மரத்தில் கை எட்டுகிற காய்க்குக் கட்டிவிட்டு, உச்சிக் காயைக் கிளிக்கு விட்டுவிடுங்கள். எப்படியும் உச்சியில் ஏறிப் பறிக்க ஆள் கிடைப்பதில்லை.

குக்குறுவான் ரசிகன் எழுதியது:

மூக்கனேரிக்கு யாராவது சமீபத்தில் போனீர்களா? 2010ஐ ஒட்டித் தூர்வாரி, அந்த மண்ணிலேயே ஏரிக்குள் திட்டுத்திட்டாகப் போட்டு மரம் வைத்தார்கள். நகரத்துக்குள்ளேயே நீர்க்காகமும் கொக்கும் அடைகிற இடமாகிவிட்டது. அக்கா, உங்கள் வீட்டுக்கு வருகிற பறவைகள் அங்கிருந்து வருவதற்கு நடுவில் மரங்கள் வேண்டும். உங்கள் தெருவில் வேப்பமரம் இருக்கிறதா? மழைக்காலத்தில் நுனி கருகி மரமே செத்ததுபோல் நிற்கும். பூஞ்சையும் கொசு போன்ற ஒரு சாறு உறிஞ்சியும் சேர்ந்து செய்கிற வேலை. பெரும்பாலான மரங்கள் கோடையில் மறுபடி தழைத்துவிடும். பட்டுப்போனது என்று நினைத்து யாராவது வெட்டப் புறப்பட்டால் சித்திரைவரை பொறுக்கச் சொல்லுங்கள்.

மல்கோவா வீடு எழுதியது:

எங்கள் தெரு முனையில் இரண்டு வேம்பு இருக்கிறது, போன வருஷம் அப்படித்தான் கருகி மறுபடி தழைத்தது. சொல்லிவைக்கிறேன்.

வேறொருவரைப் பிடித்துவிட்டேன். மூன்று வெட்டைச் சொன்னதும் புரிந்துகொண்டார். புல்லுருவியில் நான்கை எடுக்கிறோம். கிழக்கே தெருப் பக்கம் சின்னக் கிளையில் இருக்கிற ஒன்றை விடுகிறோம். சிமெண்ட் உடைக்கிற வேலை அதற்குப் பிறகு. வேலியோரம் ஒரு கல்யாண முருங்கைப் போத்தும் ஒரு சந்தனக் கன்றும். தேன்பழம் பற்றி வீட்டில் இன்னும் விவாதம் ஓடுகிறது. சந்தனத்துக்குத் துணைச்செடியாக எதை வைப்பது?

மலைக்காப்பி எழுதியது:

நட்ட குழியிலேயே ஒரு சாண் தள்ளி இரண்டு துவரை விதை போடுங்கள். நாற்றுப் பையில் இருக்கும்போது பொன்னாங்கண்ணி வைத்திருப்பார்கள், அதைப் பிடுங்காமல் அப்படியே நடுங்கள். துவரை உயரமாகிச் சந்தனத்துக்கு மேல் நிழல் கட்டினால் நுனியைக் கிள்ளிவிடுங்கள். பிறகு வேலியில் இருக்கிற எதையாவது அது தானே பிடித்துக்கொள்ளும்.

கவாத்துக்கத்தி எழுதியது:

கிளை எடுக்கிற அன்று மழை இல்லாத காலையாகப் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா. துவைக்கிற கல்லை முந்தின நாளே நகர்த்திவிடுங்கள். ஆள் மரத்தில் ஏறியதும் புதுக் கூடு ஏதாவது கண்ணில் பட்டால் சொல்லச் சொல்லுங்கள். ஆடியிலும் தேன்சிட்டும் தையல்சிட்டும் கூடு கட்டும், அவற்றுக்கு மாதக் கணக்கு இல்லை. அப்படி இருந்தால் அந்தக் கிளையை மட்டும் ஆவணி கடைசிக்குத் தள்ளிப்போடலாம், பூவுக்கு ஒன்றும் ஆகாது.